வெர்லின் குரலுக்கு இறங்கி வந்த வான்கோழி

வான்கோழி பிக்கப் வண்டியின் முன்மூடியில் ஏறி நின்றுகொண்டிருந்தது. வசந்த வேட்டைக் காலம் திறக்க இன்னும் இரண்டு வாரம் இருந்தது. வெர்லின் ஸ்டபிள்ஃபீல்டின் தலைவலி முழுவதும் இந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில் இருந்தது.

“சுட்டுத் தொலையேன்,” என்றாள் அவன் மனைவி ஓனிட்டா, சமையலறை ஜன்னலைத் திறந்து.

“இப்ப சுட்டா ஜெயிலு. ரெண்டு வாரம் கழிச்சுச் சுட்டா பேரு.”

“அதுவரைக்கும்?”

“அதுவரைக்கும் விருந்தாளி.”

விருந்தாளி கண்ணாடியில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்தது. இன்னொரு சேவல் என்று நினைத்துக்கொண்டு டொக் டொக் என்று கொத்தியது. நல்ல வளர்ந்த சேவல். மார்பிலிருந்து கட்டைத் துடைப்பம் மாதிரி தாடி தொங்கியது. கழுத்துச் சதை சிவந்து, மண்டை நீலம் பாரித்து, வாலை விசிறியாக விரித்துக்கொண்டு ஊர் நாட்டாமை போல அங்கேயும் இங்கேயும் நடந்தது.

வெர்லினுக்கு எரிச்சலாக இருந்திருக்க வேண்டும். ஆனால் மனசுக்குள் பாயசம் கிண்டிக்கொண்டிருந்தது. காரணம், அந்தச் சேவலை மலையிலிருந்து இறக்கிக்கொண்டு வந்ததே அவன்தான்.

வசந்தம் வந்தால் வான்கோழிச் சேவல் பெட்டையைத் தேடி அலையும். வேட்டைக்காரன் மரத்தில் சாய்ந்து உட்கார்ந்து பெட்டை போலக் குரல் கொடுக்க வேண்டும். குரல் சரியாக இருந்தால் சேவல் வரும். பிசகினால் அடுத்த வருஷம்தான். வெர்லினுக்கு இந்த ‘அடுத்த வருஷம்’ பல வருஷமாக வந்துகொண்டிருந்தது. டிரை ஃபோர்க் ஊரின் தீவனக் கடையில் ஒரு பலகை உண்டு. ஒவ்வொரு வேட்டைக்காரனுக்கும் ஒரு ஆணி. அதில் அந்த வருஷம் அடித்த சேவலின் வால் விசிறி தொங்கும். வெர்லினின் ஆணியில் கடைக்காரன் தன் மழைக்கோட்டை மாட்டி வைத்திருந்தான்.

அதனால் இந்த வருஷம் பனி உருகுவதற்கு முன்பே பயிற்சியைத் தொடங்கிவிட்டான். அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும் ரப்பர் விசில் ஒன்று, வாய்க்குள்ளேயே வைத்து ஊதுவது. வீட்டுக்குள் ஊத ஓனிட்டா தடை போட்டிருந்தாள்.

“என்ன சத்தம் அது? பூனை வால் கதவுல மாட்டுன மாதிரி.”

“அது பெட்டைக் குரல்.”

“எந்தப் பெட்டையும் அந்த மாதிரி ஒரு புருஷனைக் கூப்பிட மாட்டா.”

ஆகவே விறகுக் கொட்டகைதான் அவனுக்குக் கச்சேரி மேடை. விடிந்ததும் காபிக் கோப்பையோடு போய் ஊதுவான். பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு மில்லுக்குப் போவான். விஸ்கிப் பீப்பாய்க்கு ஓக் பலகை அறுக்கிற மில் அது. ரம்பச் சத்தத்திலும் அவன் காதில் வான்கோழிதான் கத்தும். மலையடிவாரத்தில் ரெட்பட் மரங்கள் இளஞ்சிவப்பாகப் பூத்தன. பிறகு டாக்வுட் வெள்ளையாகப் பூத்தது. அவன் துப்பாக்கியைத் துடைத்தான், மறுபடி துடைத்தான். வேட்டைச் சட்டையை ஓனிட்டா துவைத்துவிடாமல் ஒளித்து வைத்தான். சொல்லப்போனால் அந்த நாட்களில் டிரை ஃபோர்க்கில் அவனைப் போல சந்தோஷமான ஆள் வேறு யாருமில்லை.

ஒரு நாள் மாலை மில்லிலிருந்து வந்தபோது அந்தச் சேவல் முற்றத்தில் நின்றது. “என் குரல்!” என்று வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் தட்டினான்.

இனி ஒரே கவலை ராய்ஸ். ஓனிட்டாவின் தம்பி. பக்கத்து நிலம் அவனுடையது. மாவட்டத்தில் வான்கோழிக் குரல் போட்டி வைத்தால் கோப்பையை வாங்கிக்கொண்டு போகிறவன். அவன் கண்ணில் இந்தச் சேவல் பட்டால், வேட்டைக் காலம் திறக்கிற அன்று வேலி ஓரத்தில் உட்கார்ந்து ஒரே கூப்பாட்டில் தட்டிக்கொண்டு போய்விடுவான். விஷயம் வீட்டைத் தாண்டக் கூடாது.

முதலில் வண்டியைக் காப்பாற்ற, கண்ணாடி தெரியாதபடி ஒரு போர்வையைப் போட்டு மூடினான். அது ஓனிட்டா மூன்று குளிர்காலம் உட்கார்ந்து தைத்த ஒட்டுப்போர்வை என்பது அவனுக்கு மாலையில்தான் தெரிந்தது. அதற்குள் சேவல் அதன்மேல் உட்கார்ந்து தன் அபிப்பிராயத்தைப் பல இடங்களில் பதிந்திருந்தது.

“வெர்லின்!” என்று ஒரே ஒரு சொல்தான் சொன்னாள் ஓனிட்டா. அவன் மூன்று நாள் கொட்டகையில் சாப்பிட்டான்.

வண்டியைக் கொட்டகைக்குள் நிறுத்தினான். கொத்துவதற்குக் கண்ணாடி இல்லாமல் போன சேவல், தபால் ஜீப்பைக் கண்டுபிடித்தது. தபால்காரி கிளெட்டா மத்தியானம் வீட்டு முன்னால் சாலையோரத் தபால் பெட்டியில் கடிதம் போட வந்தபோது பக்கக் கண்ணாடியில் பாய்ந்து, சாலை முழுக்கத் துரத்தியது. கிளெட்டா அன்றோடு பெட்டிக்குத் தபால் போடுவதை நிறுத்தினாள். வெர்லின் தபாலாபீசுக்கே போய் வாங்க வேண்டியதாயிற்று. அங்கே வரிசையில் அவனுக்குப் பின்னால் ராய்ஸ்.

“என்ன மச்சான், உன் பெட்டிக்கு என்ன ஆச்சு?”

வெர்லின் கிளெட்டாவைப் பார்த்தான். கண்ணால் கெஞ்சினான். கிளெட்டா முத்திரை குத்துவதில் மும்முரமானாள்.

“குளவி,” என்றான் வெர்லின். “கூடு கட்டிருச்சு.”

“அவ்வளவுதானா? எங்கிட்ட மருந்து இருக்கு. சாயந்தரம் வந்து அடிச்சு விட்டுர்றேன்.”

“வேணாம் வேணாம்! வீட்டுப் பக்கமே வராத. ஓனிட்டாவுக்கு... உடம்பு சரியில்ல.”

“அக்காவுக்கா? என்ன?”

வெர்லினின் வாய் அவனைக் கேட்காமலே வேலை செய்தது. “அக்கி. முதுகு பூரா.”

தபாலாபீசில் இன்னும் ஐந்து பேர் நின்றிருந்தார்கள். ஐந்து பேரும் பெண்கள், ஐவரும் ஒரே தேவாலயச் சபை. மறுநாள் மாலை மில்லிலிருந்து வெர்லின் திரும்பியபோது அவன் வீட்டு முன்னால் ஏழெட்டுக் கார்கள். சமையலறை மேஜையில் நோயாளிக்கென்று சபைப் பெண்கள் கொண்டுவந்த கோழி நூடுல்ஸ், பீன்ஸ் பேக், மக்ரோனி, வாழைப்பழ புட்டிங். நாற்காலியில் ஓனிட்டா, தோளில் சால்வையோடு.

“ரொம்ப எரியுதாம்மா?” என்று கேட்டுக்கொண்டிருந்தாள் ஒருத்தி.

ஓனிட்டா வாசலில் நின்ற புருஷனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் அக்கி என்ன, அம்மையே இருந்தது.

“இப்பத்தான் எரிய ஆரம்பிச்சிருக்கு,” என்றாள்.

பெண்கள் போகட்டும், பிறகு காலில் விழலாம் என்று வெர்லின் நினைத்தான். அதற்குள் வெளியே ஓர் அலறல். ஜெபம் செய்ய வந்த பாஸ்டர் டெல்பர்ட் தன் காரின் கூரைமேல் நின்றிருந்தார், கையில் வேதப்புத்தகம். கீழே சேவல் வாலை விரித்து, இறக்கையால் தரையைக் கீறி, காரைப் பிரதட்சிணம் வந்துகொண்டிருந்தது. அக்காவைப் பார்க்க ஓடிவந்த ராய்ஸ் குளவி மருந்து டப்பாவோடு வாசலில் உறைந்து நின்றான்.

சேவலை மேலும் கீழும் பார்த்தான். பிறகு தொப்பியைக் கழற்றினான், கோயிலுக்குள் நுழைகிறவன் மாதிரி.

“மச்சான், இதுதான் அக்கியா?”

வெர்லின் அவன் கையிலிருந்த மருந்து டப்பாவை வாங்கிக் கீழே வைத்தான்.

“சோளம் போட்டு இழுத்தியா? இரை வச்சு அடிச்சா லைசென்சைப் பிடுங்கிருவாங்க, தெரியுமில்ல?”

“ஒரு மணி போட்டிருந்தா என் கை அழுகிப் போகட்டும்! குரல். வெறும் குரல்.”

“உன் குரலா?” ராய்ஸ் சிரிக்க ஆரம்பித்தவன், சேவலைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். நிஜம் எதிரில் தாடியோடு நின்றது. “சரி. ராத்திரி இது அடையறது என் பக்கத்துச் சிக்கமோர் மரத்துல. நான் பாத்துட்டேன், எச்சம் கிடக்கு, எதோடதுன்னுதான் தெரியாம இருந்துச்சு. வேட்டை திறக்கிற அன்னிக்கு நீ உன் பக்கம் உக்காரு, நான் என் பக்கம் உக்கார்றேன். யாரு குரலுக்கு வருதோ அவனுக்குத்தான் பறவை. சம்மதமா?”

“டேய், பாஸ்டரை முதல்ல கீழ இறக்குங்கடா,” என்றாள் ஓனிட்டா உள்ளேயிருந்து.

அன்றிலிருந்து இரண்டு பக்கமும் பயிற்சி. விடியற்காலையில் வேலிக்கு அந்தப் பக்கம் ராய்ஸின் குரல் தேனாக வழியும். இந்தப் பக்கம் வெர்லின் நரம்பு புடைக்க ஊதுவான். அவன் ஊத ஊதச் சேவல் தலையைத் தூக்கும், சுற்றும் முற்றும் பார்க்கும், பிறகு விறுவிறுவென்று மலையேறிவிடும். ஆனால் சாயங்காலம் மில்லிலிருந்து வந்தால், முற்றத்தில் அதே சேவல், அதே நடை.

“பாத்தியா ஓனிட்டா? என் குரல் கஷாயம் மாதிரி. உடனே புடிக்காது. மத்தியானத்துக்கு மேலதான் உள்ள இறங்கி வேலை செய்யும்.”

ஓனிட்டா உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். “காலைல கொஞ்சம் குறைச்சு ஊதேன்.”

“உனக்கு இந்தச் சூட்சுமமெல்லாம் தெரியாது.”

“அது சரி,” என்றாள் அவள்.

வேட்டைக் காலம் திறந்த திங்கட்கிழமை மில்லுக்கு விடுமுறை. எப்படியும் ஒருவனும் வரமாட்டான் என்று முதலாளிக்குத் தெரியும். அவரும் காட்டில்தான் இருப்பார். வெர்லின் இருட்டோடு போய் வேலிக்கு இந்தப் பக்கம் ஒரு ஓக் மரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தான். கீழ்வானம் வெளுத்தது. எங்கோ ஒரு குருவி முதல் சொல்லைச் சொன்னது. சிக்கமோர் மரத்திலிருந்து “கொளகொளகொள” என்று ஒரு முழக்கம். வெர்லினின் ரோமமெல்லாம் எழுந்து நின்றது. ஒரு வருஷம் காத்திருந்தது இந்தச் சத்தத்துக்குத்தான். இதோடு வீட்டுக்குப் போகச் சொன்னால்கூடப் போயிருப்பான்.

ராய்ஸ் தொடங்கினான். மெல்ல, குழைந்து, தூக்கம் கலையாத பெட்டை மாதிரி மூன்றே சுரம். சேவல் உடனே பதில் முழங்கியது. தரையில் குதிக்கும் சத்தம் கேட்டது. ராய்ஸின் பக்கம்.

வெர்லின் அவசரமாக மூச்சை இழுத்தான். இழுத்த வேகத்தில் விசில் தொண்டைக்குள் போய்விட்டது. கண் பிதுங்கியது. இருமக் கூடாது, இருமினால் ஆட்டம் முடிந்தது. முகம் ஊதாவாகி, கண்ணில் நீர் வழிய, கடைசியில் ஒரே விழுங்கு. விசில் போயே போய்விட்டது. துப்பாக்கி இருந்தது, மரம் இருந்தது, குரல் மட்டும் இல்லை.

‘அடுத்த வருஷம்’ என்று நினைத்துக்கொண்டான்.

அப்போது பின்னாலிருந்து, பள்ளத்துப் புதர்ப் பக்கம், ஒரு பெட்டை கூப்பிட்டது. அடடா, என்ன குரல்! கொஞ்சம் கோபம், கொஞ்சம் கொஞ்சல், “வரப்போறியா இல்லையா” என்று கேட்கிற ஓர் அதிகாரம். வேலிக்கு அந்தப் பக்கம் ராய்ஸ் தன் வித்தை முழுவதையும் இறக்கினான். பெட்டை மறுபடியும் ஒரே தடவை கூப்பிட்டது. சேவல் ராய்ஸை விட்டுத் திரும்பியது. வேலிக்கு அடியில் குனிந்து நுழைந்து, வாலை விரித்தபடி வெர்லினின் துப்பாக்கிக்கு நேராக நடந்து வந்தது.

ஒரு வெடி. அவ்வளவுதான்.

எங்கிருந்தோ வந்த அந்தக் காட்டுப் பெட்டைக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டான். வெளியே சொல்வதாக இல்லை. சேவலைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது ஓனிட்டா அடுப்பை மூட்டிக்கொண்டிருந்தாள். காலைப் பலகாரத்துக்கான பிஸ்கட் மாவை இன்னும் பிசையவில்லை.

“இன்னிக்கு என்னமோ லேட்டாயிருச்சு,” என்றாள். சேவலைப் பார்த்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். “சந்தோஷமா?”

“சந்தோஷமாவா! போய்க் காட்டிட்டு வந்துர்றேன், இரு.”

தீவனக் கடையில் ஊரே கூடியிருந்தது. சேவலைத் தராசில் போட்டார்கள், தாடியை அளந்தார்கள். கடைக்காரன் தன் மழைக்கோட்டை ஆணியிலிருந்து எடுத்தான். எடுக்கும்போது சிலர் கைதட்டினார்கள். ராய்ஸ் வந்து கையைப் பிடித்துக் குலுக்கினான். கோபமே இல்லை.

“மச்சான், நான் எத்தனை கோப்பை வாங்கியிருக்கேன்! அந்த மாதிரி ஒரு குரலை என் ஜென்மத்துல கேட்டதில்ல. என் பக்கம் வந்துக்கிட்டிருந்த சேவல், எஜமானியம்மா கூப்பிட்ட மாதிரி திரும்பிருச்சே!”

“எல்லாம் பயிற்சிதான்,” என்றான் வெர்லின். காது மடல் லேசாகச் சுட்டது.

“ஒரு தடவை ஊதிக் காட்டேன். எல்லாரும் கேக்கட்டும்.”

“விசில் இல்ல. முழுங்கிட்டேன்.”

இது ஒன்றுதான் அன்று அவன் சொன்ன நிஜம், ஒருவனும் நம்பவில்லை. கடைக்காரன் அலமாரியிலிருந்து புது விசில் ஒன்றை எடுத்து நீட்டினான். பின்வாங்க வழியில்லை. வெர்லின் வாய்க்குள் போட்டுக்கொண்டான், கண்ணை மூடினான், ஊதினான்.

கடை நாய் மூட்டைகளுக்குப் பின்னால் போய் ஒளிந்தது.

“காலைல கேட்டது இது இல்லையே,” என்றான் ராய்ஸ் மெல்ல.

அந்த நேரம் பார்த்து, கடைக்குத் தபால் கட்டு கொண்டுவந்த கிளெட்டா அதை மேஜையில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

“இவனை எதுக்குப்பா போட்டு வதைக்கறீங்க? நான் தினம் மத்தியானம் அந்த ரோட்டுல போறவ. இவன் காலைல ஊதி ஊதி அதை விரட்டிட்டு மில்லுக்குப் போவான்; ஓனிட்டா கொல்லையில நின்னு, விசில்கூட இல்லாம, வெறும் வாயாலயே அதைத் திரும்பக் கூட்டியாந்துருவா!”