மோர் அண்டாவில் முடிந்த நேரலை

திருவண்ணாமலையில் வழி தவறுவது கஷ்டம். எந்தத் தெருவில் நின்றாலும் மலை தெரியும். அந்த மலையைப் பார்த்துக்கொண்டே வழி தவறி, அதை ஊர் முழுக்க ஒளிபரப்பவும் செய்த ஒரே ஆள் அநேகமாக நான்தான்.

எங்கள் உள்ளூர் கேபிள் சேனலில் 'அந்தி ஆறு மணி' என்றொரு நிகழ்ச்சி. வீடியோ கேசட் கடையின் பின்னறையில் தொடங்கியது. மின்தடை, பூ விலை, காணாமல் போன மாடு, கல்யாண வாழ்த்து எல்லாம் அதில் உண்டு. முதன்முதலில் செய்தி வாசித்தவர் நடேசன் சார். ஒருநாள் மேஜையில் பூனை ஏறி உட்கார்ந்ததாம். செய்தியை முடித்த பிறகுதான் பூனையை இறக்கினாராம். (பூனையும் கடைசிவரை கேட்டதாகச் சொல்வார்கள்.)

அந்த வரலாற்றை ஆண்டு விழா நாளில், நடேசன் சாரோடு நேரலையில் சொல்லும் வேலை எனக்கு வந்தது. சரியாகச் செய்தால் தொகுப்பாளர் நாற்காலி எனக்கு என்றார் முதலாளி. அதற்காக நான் முடியைக்கூட வெட்டிக்கொண்டேன். அம்மா இன்னும் மன்னிக்கவில்லை.

சார் வீடு அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையிலேயே. அன்று பௌர்ணமி, வண்டி விடமாட்டார்கள். நானும் கேமராமேன் முருகனும் கூட்டத்தோடு நடந்தோம். கிரிவலம் கிளம்பிய அம்மாவும் சேர்ந்துகொண்டார். பேச வேண்டியதை முணுமுணுத்தபடியே நடந்ததில் சார் வீட்டைத் தாண்டிவிட்டேன்.

திரும்பினேன். அம்மா கையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்கடி போற?"

"சார் வீட்ட தாண்டி வந்துட்டோம்மா. இப்ப லைவ் வந்துடும்."

"மலைய வலப்பக்கமா வெச்சு நடந்துட்டு இருக்கோம். திரும்புனா இடப்பக்கம் வந்துடும். பௌர்ணமி அன்னிக்கு அப்படி நடக்கலாமா?"

"அப்போ மொத்த மலையையும் சுத்திட்டா வரணும்?"

அம்மா யோசித்தார். "திரும்பாத. அப்படியே பின்னாடி நட. மலை வலப்பக்கமே இருக்கும்."

"முருகன் என்னப் பாத்துல்ல நடக்கணும்? அவருக்கு மலை இடப்பக்கம் வந்துடுமே?"

"அவரு டூட்டியில இருக்காரு. சாமி ஒண்ணும் நெனச்சுக்காது."

சொல்லிவிட்டு அம்மா முன்னால் போய்விட்டார்.

காதில் குரல் வந்தது: "லைவ். பேசுங்க."

"நமது நிகழ்ச்சி முன்னேறி வந்த பாதை" என்று சிரித்த முகத்தோடு தொடங்கி, பின்னோக்கி நடந்தேன். முதுகில் வந்து மோதிய பக்தர்கள், "பாத்துப் போம்மா" என்று விலகினார்கள். எனக்குப் பின்னால் இருப்பதெல்லாம் முருகனுக்குத் தெரிந்தது. ஆனால் நேரலையில் வாயே திறக்கக் கூடாதென்று அவருக்கு உத்தரவு போட்டிருந்தேன். பாவம், கண்ணை மட்டும் உருட்டினார். பாராட்டுகிறார் என்று நினைத்து வேகத்தைக் கூட்டினேன்.

நடேசன் சார் வாசலில் மேஜை போட்டு, பக்தர்களுக்கு மோர் ஊற்றிக்கொண்டிருந்தார். நான் முதுகால் மேஜையில் மோத, அண்டா அவர் மேல் கவிழ்ந்தது. நான் மோரில் உட்கார்ந்திருந்தேன். சட்டையெல்லாம் கறிவேப்பிலையோடு சார் குனிந்து, என் கையிலிருந்த மைக்கை எடுத்தார்.

"வணக்கம். அந்தி ஆறு மணி செய்திகள். அடி அண்ணாமலையில் மோர் விநியோகம் சற்று முன் முடிவடைந்தது."

நாற்காலி போச்சு என்று அங்கேயே அழுதேன். மறுநாள் முதலாளி கூப்பிட்டார். "நேத்துலேருந்து போன் நிக்கல. பின்னாடி நடந்த பொண்ணு இன்னிக்கும் வருமானு கேக்கறாங்க. வந்து உக்காரு."

இன்றும் நான்தான் தொகுப்பாளர். நிகழ்ச்சியின் வரலாறு என்றால் அந்த மோர்க் காட்சியைத்தான் போடுகிறார்கள். அதில் எனக்குச் சந்தோஷம்தான். வீட்டில்தான் தப்பிக்க முடியவில்லை. நான் ஸ்கூட்டரைப் பின்னால் தள்ளி எடுக்கும்போதெல்லாம் என் மகள் வாசலில் வந்து நிற்பாள்.

"வணக்கம். அம்மா லைவ்ல இருக்காங்க."

உள்ளேயிருந்து என் அம்மாவின் குரல் வரும்: "அந்த மோர் சட்டிய எடுத்து மேல வை."