பர்லாங் தூரம் உழத் தெரியாதவன்

எங்கள் ஆட்களுக்கு ஆங்கிலம் ஒரு மொழியில்லை, தாயத்து. கட்டிக்கொண்டால் காத்துக்கறுப்பு அண்டாது என்று நம்புகிற பரம்பரையில் பிறந்தவன் நான். அந்தத் தாயத்தே ஒருநாள் என்னைப் பொலிசில் கொண்டுபோய் இருத்தியதை வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்.

சண்டைக் காலம். அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த அரசாங்க லிகிதர் என்பதால் நாங்கள் கண்டியில் இருந்தோம். எனக்கு இருபத்துநாலு வயது, வேலையில்லை. பேராதனைப் பக்கம் ஒரு விவசாயக் கந்தோரில் மொழிபெயர்ப்பாளர் வேலைக்கு நேர்முகப் பரீட்சை என்று கடிதம் வந்தது. கேள்வி கேட்கும் பெரியவருக்குப் பழைய ஆங்கில விவசாயச் சொற்களில் பைத்தியம், சொல்லின் மூலம் தெரியாதவனை வாசலோடு அனுப்பிவிடுவார் என்று நண்பன் ஒருவன் எச்சரித்தான். (அவனே அப்படி அனுப்பப்பட்டவன்தான்.)

விடுவேனா? நூலகத்தில் தடித்த புத்தகம் ஒன்றைப் பிடித்து இரண்டு கிழமையில் ஒரு கொப்பியை நிரப்பினேன். பர்லாங் என்றால் உழவுசாலின் நீளம், எருதுகள் இளைப்பாறாமல் ஒரே இழுப்பில் போகும் தூரம், இருநூற்றிருபது கெஜம். ஏக்கர் என்றால் ஆதியில் வெறும் வயல், பிறகுதான் ஒரு சோடி எருது ஒரு நாளில் உழும் நிலம். பெரிய கலப்பைக்கு எட்டு எருதுகள். ஆயிரம் வருடத்துக்கு முந்திய ஆங்கிலக் கிராமம் ஒன்றின் வரைபடத்தையும் அளவுகளோடு கீறி வைத்தேன். (எருதை நான் நாட்காட்டிப் படத்தில்தான் கிட்டத்தில் பார்த்திருந்தேன்.)

புறப்படும்போது அப்பா கொப்பியைப் புரட்டிப் பார்த்தார்.

"தமிழெழுத்து ஒண்டும் இல்லைத்தானே?"

"இல்லையப்பா. எல்லாம் இங்கிலிஸ்."

"அது நல்லது. இங்கிலிசெண்டா ஆமிக்காரனும் மரியாதை குடுப்பான்."

வழியில் பொலிசார் பஸ்ஸை மறித்தார்கள். அடையாள அட்டையில் என் பெயரைக் கண்டதும் பையைக் கவிழ்த்தார்கள். கொப்பி விழுந்தது. பெயர் தமிழ், எழுத்து ஆங்கிலம், சொற்கள் எவருக்கும் விளங்காதவை, போதாக்குறைக்கு வரைபடம். தமிழில் எழுதியிருந்தால் யாராவது வாசித்துச் சொல்லியிருப்பார்கள்.

பொலிஸ் நிலைய மர வாங்கில் கலஹாத் தேயிலைத் தோட்டத்து ஆள் ஒருவர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். அடையாள அட்டையை வீட்டில் மறந்துவிட்டு வந்தவர்.

"தம்பிக்கு இங்கிலீசு வருங்களா?"

"வரும்."

"அப்ப பயப்படாதீங்க. ஒங்கள விட்டுருவாங்க."

"அதாலதான் அண்ணை பிடிச்சவங்கள்."

பொறுப்பதிகாரி சிங்களத்தில் விசாரித்தார். (என் பதில்களைத் தமிழில் தருகிறேன். நான் பேசிய சிங்களத்தை அப்படியே எழுதினால் மறுபடியும் பிடிப்பார்கள்.)

"இளைப்பாறாமல் இருநூற்றிருபது கெஜம் போறது ஆர்?"

"எருது, சேர்."

"எட்டுப் பேர் எண்டு இருக்கு?"

"அதுவும் எருதுதான், சேர்."

"இது எந்த முகாம்?"

"இங்கிலாந்து, சேர். ஆயிரம் வருசத்துக்கு முந்தி."

அவர் கொப்பியை மூடி வைத்தார். "அப்ப நீ வயல் உழுற கமக்காரனோ?" புத்தி வேலைசெய்யாத நேரத்தில் எனக்கு வாய் நன்றாக வேலைசெய்யும். "ஓம் சேர்" என்றேன். அவர் கமக்காரனின் மகன் என்று எனக்கு எப்படித் தெரியும்?

நிலையத்துக்குப் பின்னால் வயல். ஒருவர் எருமைகளைப் பூட்டி உழுதுகொண்டிருந்தார். "உழுது காட்டு" என்றார் அதிகாரி. இதில் தோற்றால் பொய் சொன்னவன் என்று உள்ளே வைப்பார்கள். சப்பாத்தைக் கழற்றிவிட்டு இறங்கினேன். என் கொப்பியில் கலப்பை என்ற சொல்லின் பூர்வீகம் இருந்தது, அதை எந்தப் பக்கத்தால் பிடிப்பதென்று இல்லை. எருமைகள் ஒருமுறை திரும்பி என்னைப் பார்த்தன. பிறகு நடந்தன. பத்தடி போவதற்குள் நான் குப்புற விழுந்தேன். முன்னால் நின்ற எருமை என் மூக்குக்கு நேரே சாணம் போட்டது.

அதிகாரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். என்னைப் பார்த்து ஒருவர் சிரிப்பது அன்றுதான் எனக்கு நிம்மதியாக இருந்தது. "இவனால நாட்டுக்கு ஆபத்தில்லை, வயலுக்குத்தான் ஆபத்து. போகச் சொல்லு!"

வெளியே வரும்போது வாங்கிலிருந்தவர், "நாந்தான் சொன்னேன்ல தம்பி" என்று எனக்காகச் சந்தோஷப்பட்டார். அவரை உழச் சொல்ல எவருக்கும் தோன்றவில்லை. நான் அவர் பெயரைக்கூடக் கேட்காமல், நேரமாகிவிட்டதென்று ஓடினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

சேறு சொட்டச் சொட்டப் பரீட்சை அறைக்குள் போய் நின்றேன். பெரியவர் கண்ணாடிக்கு மேலால் என் காற்சட்டையைப் பார்த்து, எங்கேயிருந்து வருகிறாய் என்றார். "வயலிலிருந்து, சேர்." பக்கத்திலிருந்தவரிடம் திரும்பி, "வயலில் கால் வைத்துவிட்டு வரும் மொழிபெயர்ப்பாளனை இன்றைக்குத்தான் காண்கிறேன்" என்றார். ஒரு சொல்லுக்கும் மூலம் கேட்கவில்லை. வேலை கிடைத்தது. முப்பது வருடம் பார்த்தேன், ஒருநாளாவது பர்லாங் தேவைப்படவில்லை.

ஆங்கிலம்தான் மகனைக் காப்பாற்றியது என்று அப்பா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். என் மனைவியின் கட்சி வேறு. வெளிநாட்டுச் சொந்தக்காரர்கள் வந்திருந்து, அந்தக் காலத்தில் எங்களுக்காக ஆர் வாய் திறந்தது, ஆர் திறக்கவில்லை என்று கணக்கெடுக்கத் தொடங்கினால், அவள் தேத்தண்ணியை வைத்தபடி சொல்வாள்:

"ஏன், எங்கட இவருக்கு ஒரு ஆள் சாட்சி சொன்னதுதானே. நாலு கால், ரெண்டு கொம்பு."