பைக்குள் ஒரு மீசை

என் கதவுக்காரரே,

உங்கள் வீட்டுக்காரி எழுதிக்கொள்வது. இங்கே நானும் மகளும் சுகம். அங்கே எப்படி என்று கேட்டால் பதில் வராது, தெரியும். ஆனாலும் கேட்காமல் ஆரம்பித்தால் கடிதம் மொட்டையாக இருக்கிறது, அதனால் கேட்டு வைக்கிறேன். நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் எழுத்து, வரி கொஞ்சம் மேலே கீழே ஓடும், பொறுத்துக்கொள்ளுங்கள். மகளுடைய பேனாவில்தான் எழுதுகிறேன். உங்கள் பேனா நேற்றிலிருந்து காணவில்லை.

நல்ல சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். நேற்று மகள் நர்ஸ் பட்டம் வாங்கிவிட்டாள். நீங்கள் ஆசைப்பட்ட மாதிரியே நான் அந்தப் பையை எடுத்துக்கொண்டு போனேன். அதற்கு முன்னால் நடந்ததைத்தான் எழுத வேண்டியிருக்கிறது. உட்கார்ந்துகொண்டு கேளுங்கள், நின்றது போதும்.

பத்து வருஷம் அந்தப் பைக்கடை வாசலில் நின்று கதவு திறந்ததற்காக உங்களுக்குக் கொடுத்த பை. கடைக் கண்ணாடிக்குள் வெயில் பட்டு ஒரு பக்கம் லேசாக வெளுத்தது என்றாலும் பெரிய கம்பெனிப் பை, பெயரைச் சொல்ல எனக்கு நாக்கு புரளாது. கொண்டுவந்த அன்றைக்கே, கடைப் பெண்கள் வாங்க வருகிறவர்களுக்குச் சொல்வதை அட்சரம் பிசகாமல் எனக்கும் சொன்னீர்கள். "உள்துணிக்குத் தண்ணி காட்டாத. பேனாவை மூடாம உள்ள போடாத. சும்மா இருக்கும்போது இந்த வெள்ளைத் தாளைச் சுருட்டி உள்ள வை, அமுங்காம இருக்கும்." இருபது வருஷமாக ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் துணி வெளுக்கிறவளிடம் தண்ணி காட்டாதே என்றால் எனக்கு எப்படி இருக்கும்? அதுவும் யார் சொல்வது, கடைக்குள் போகிறவர்களைக் கோடு போட்டு எண்ணுகிற அந்த மூடி தொலைந்த பேனாவைச் சட்டைப் பாக்கெட்டில் செருகி மாசாமாசம் நீலக்குளம் கட்டிக்கொண்டு வருகிற மனுஷன். எலுமிச்சையும் உப்பும் போட்டுத் தேய்த்துத் தேய்த்து என் விரல் ரேகையே போய்விட்டது. "பையைப் பத்திப் பேசுற வாய் பாக்கெட்டைப் பத்திப் பேசுதா பாரு" என்று நான் திட்டாத மாதம் உண்டா? நீங்கள் சிரித்துக்கொண்டு அடுத்த சட்டையை மாட்டிக்கொண்டு போவீர்கள்.

இத்தனை நாள் உங்களிடம் மறைத்ததை இப்போது சொல்கிறேன். அந்த வெள்ளைத் தாள் பட்டு மாதிரி இருந்தது. அதைக் கசக்கிப் பைக்குள் திணிக்க எனக்கு மனசு வரவில்லை. பத்திரமாக மெத்தைக்கடியில் வைத்துவிட்டு, பைக்குள் பழைய செய்தித்தாளைத் திணித்தேன். அஞ்சு வருஷம் அப்படியே அலமாரியில் இருந்தது. போன ஞாயிற்றுக்கிழமை மகள் பட்டமளிப்புக்கு ரெண்டு பாஸ் கொண்டுவந்தாள், அம்மாவுக்கு ஒன்று, அப்பாவுக்கு ஒன்று. எப்போதோ எழுதிக் கொடுத்ததாம், பெயரை எடுக்க அவளுக்குக் கை வரவில்லையாம். நான் பையை எடுத்துத் தாளை உருவினேன். மழை ஈரத்தில் மை முழுக்க உள்துணியில் இறங்கியிருந்தது. சந்தன நிறத் துணியில் எழுத்தெல்லாம் திரும்பித் திரும்பி நிற்க, நடுவில் ஒரு மனுஷன் சிரிக்கிறான். ஏதோ தலைக்கெண்ணெய் விளம்பரம். இவ்வளவு பெரிய மீசை. கடை ரூலுக்காக இத்தனை வருஷம் மீசை வைக்காமல் நின்றீர்கள், உங்கள் பைக்குள் இன்னொருத்தன் மீசையோடு குடியிருக்கிறான். எனக்கு அழுகை வந்தது. மகள் சிரித்துவிட்டாள். "அம்மா, யாரும்மா இவரு?" என்றாள். "எனக்கென்னடி தெரியும்" என்று நானும் என்னமோ மாட்டிக்கொண்டவள் மாதிரி சொல்கிறேன்.

திங்கட்கிழமை ஒட்டுநாடாவை ஒட்டி ஒட்டி எடுத்தேன், தூசிதான் வந்தது, அவன் வரவில்லை. செவ்வாய்க்கிழமை ரப்பரால் அழித்தேன். மை இழுத்துக்கொண்டு மீசை தாடியாகிவிட்டது. "விடும்மா, அவருக்கும் வயசாகுதில்ல" என்கிறாள் உங்கள் மகள். புதன்கிழமை பொறுமை போய், வேலை செய்யும் இடத்தில் ரத்தக்கறைக்குப் போடுகிற மருந்தைப் பக்கெட்டில் கரைத்து, பையைத் தலைகீழாகப் பிடித்துவிட்டேன். முக்க வேண்டியதுதான் பாக்கி. உள்துணிக்குத் தண்ணி காட்டாத என்று காதுக்குள் நீங்கள் சொன்னீர்கள். கோபத்தில் பக்கெட்டைக் கொட்டிவிட்டுப் பையோடு உங்கள் கடைக்குக் கிளம்பினேன்.

அந்தக் கடைக்கு நான் போனதே இல்லை, உங்களுக்குத் தெரியும். வாசலில் உங்கள் இடத்தில் வேறொருவர். என் ரப்பர் செருப்பைப் பார்த்தார், பையைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் கதவைத் திறந்து, நான் உள்ளே போய்ச் சேரும்வரை பிடித்துக்கொண்டே நின்றார். நல்லா இருக்கட்டும். உள்ளே மூக்குத்தி போட்ட பெண் பையைத்தான் முதலில் அடையாளம் கண்டுபிடித்தாள்.

"இது நம்ம அண்ணன் பையாச்சே. நீங்க அண்ணியா?"

"ஆமாம்மா."

"தினம் சொல்லுவாரு. என் வீட்டம்மா ஒரு நாள் இந்தப் பையோட இந்த வாசலுக்கு வருவா, கூட்டமா இருந்தாலும் அவளுக்குத்தான் முதல்ல திறப்பேன்னு."

இதை ஏங்க என்னிடம் சொல்லவில்லை? அழுக்காகிவிடும், அழுக்காகிவிடும் என்றே அஞ்சு வருஷம் பூட்டி வைத்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மறுநாளே வந்திருப்பேனே.

அந்தப் பெண் என்னை உட்கார வைத்தாள். டாக்டர் நாக்கை நீட்டச் சொல்வது போல உள்துணியை மெல்ல வெளியே இழுத்தாள். மிருதுவான பிரஷால் மூலைத் தூசியைத் தட்டினாள். துளி சோப்பைக் கிண்ணத்தில் அடித்து, தண்ணியைத் தொடாமல் நுரையை மட்டும் வெள்ளைத் துணியில் எடுத்து, ஓரத்தில் ஒற்றிப் பார்த்துவிட்டு, வெளியிலிருந்து நடுவுக்கு ஒற்றி ஒற்றி வந்தாள். தேய்க்கவே இல்லை. "தேச்சா பரவும் அண்ணி" என்றாள். தாடியை வளர்த்ததே நான்தான் என்று நான் சொல்லவில்லை. எழுத்து போனது, முகம் போனது. பையை வாய் திறந்தபடி ஃபேனுக்குக் கீழே காய வைத்தோம். மீசை மட்டும் லேசாக நின்றுவிட்டது. துணியையே மாற்ற வேண்டுமென்றால் ஆறு வாரம் ஆகுமாம், பட்டமோ சனிக்கிழமை. கிளம்பும்போது ஒரு கட்டு வெள்ளைத் தாளும் கொடுத்தாள். இந்தத் தடவை திணித்துவிடுவேன், சத்தியம்.

மீசையை மறைக்க ஒரு வேலை செய்தேன். யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்த உங்கள் யூனிஃபார்ம் சட்டையை வெட்டி, பைக்குள் பையாகத் தைத்துப் போட்டேன். பாக்கெட்டைப் பிரிக்கவில்லை, அது உள்ளே நெஞ்சுப் பக்கமாக நிற்கிறது. ரெண்டு பாஸும் அதில் அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தன. இனி உள்துணிக்கு ஒரு தூசி இறங்காது.

மண்டபத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தேன். உங்கள் நாற்காலியில் பையை வைத்தேன். அடையாள அட்டை மாட்டிய அம்மா ஒருத்தி வந்தார்.

"பையை மடியில வச்சுக்குங்கம்மா. ஆளு உக்காரணும்."

"ஆளுக்குத்தாம்மா வச்சிருக்கேன். பாஸ் இருக்கு."

காட்டினேன். பாஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பையைப் பார்த்தார். போய், ரெண்டு பாட்டில் தண்ணியோடு திரும்பி வந்தார். ஒன்றை என் கையில் கொடுத்துவிட்டு இன்னொன்றைப் பைக்குப் பக்கத்தில் வைத்தார். அவர் அந்தப் பக்கம் போனதும் அதை எடுத்துத் தள்ளி வைத்தேன். உள்துணிக்குத் தண்ணி ஆகாதே. மகள் மேடையில் ஏறியபோது நம் ரெண்டு நாற்காலியையும் பார்த்துத்தான் சிரித்தாள்.

கதவு திறந்த புது மனுஷருக்கும், மூக்குத்திப் பெண்ணுக்கும், தண்ணி கொடுத்த அம்மாவுக்கும் என் நன்றியை இதிலேயே எழுதிவிடுகிறேன், வேறெங்கே எழுதுவது. உங்களுக்குத் தனியாக எழுத வார்த்தை போதவில்லை. பை சுத்தமாக இருக்கிறது, நான் நன்றாக இருக்கிறேன், கவலை வேண்டாம். மகளை அங்கிருந்தே ஆசீர்வதியுங்கள்.

இப்படிக்கு,
பூட்டி வைத்தவள்

பின்குறிப்பு: கடிதத்தை மடித்துப் பைக்குள் வைக்கப் போனேன். உங்கள் பேனா கிடைத்துவிட்டது. மண்டபத்தில் கையெழுத்துப் போட்டது அதில்தான், போட்ட கையோடு உங்களை மாதிரியே அந்தப் பாக்கெட்டில் செருகியிருக்கிறேன். ரெண்டு பாஸிலும் பேர் தெரியவில்லை. பாக்கெட் முழுக்க நீலம், நீங்கள் கொண்டுவருகிற அதே இடத்தில். உள்துணிக்கு ஒரு சொட்டும் போகவில்லை, எல்லாவற்றையும் உங்கள் சட்டையே தாங்கிக்கொண்டது. எலுமிச்சையை நறுக்கி, உப்பையும் எடுத்து வைத்துவிட்டு அரைமணி நேரமாக உட்கார்ந்திருக்கிறேன். கை போக மாட்டேனென்கிறது. சொல்லுங்க, இந்தக் கறையை எடுக்கவா, விடவா?