நான் நன்றி சொல்லத் தொடங்கிய வாரம்

பதறாமல் இருக்கும்படி யாராவது சொன்னால் எனக்கு அன்றைக்குத் தூக்கம் போய்விடும். எனக்குத் தெரியாத ஏதோ ஒன்று இருப்பதால்தானே அப்படிச் சொல்கிறார்கள்? (இதை எழுதும்போதும் இடையில் எழும்பிப்போய்ப் படலை பூட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன்.)

புதிதாகக் கட்டிய கல்லோயா அணைத் தண்ணீர் வயல்களுக்கு வரத் தொடங்கிய காலம். கல்முனையில் எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள். நான் மட்டும் மகள் பௌசியாவின் கலியாணத்தை நினைத்துக் கருகிக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கத்தில் பெண்ணோடு வீட்டையும் கொடுக்க வேண்டும். மாப்பிள்ளை சம்மாந்துறைக்காரர், அருமையான இடம். வீட்டுக்குச் சுவர் எழும்பியிருந்தது, கூரை எழும்பவில்லை. அதைச் சாட்டாக வைத்துச் சம்மந்தி பேச்சை முறித்துவிட்டால்?

என்னோடு படிப்பிக்கும் கதிர்காமத்தம்பி மாஸ்டர் வீரமுனையிலிருந்து சைக்கிளில் வருபவர், யோகாசனம் செய்பவர். என் முகத்தைப் பார்த்துவிட்டு வைத்தியம் சொன்னார். விடியக் கடற்கரையில் மூச்சுப் பயிற்சி. பின்னேரம் பாயில் சவம்போல் கிடக்கும் ஆசனம். அதோடு, நமக்கு உதவியாய் இருக்கிற எல்லோருக்கும் நன்றி சொல்ல வேண்டுமாம். மனதுக்குள் சொன்னால் போதாதா என்று கேட்டேன்.

"வாயத் திறந்து சொல்லுங்க மாஸ்டர். அப்பதான் நெஞ்சு லேசாகும்."

அடுத்த நாள் சுபஹு தொழுகை முடிந்த கையோடு கடற்கரைக்குப் போனேன். ஒரு மூக்கை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த என்னைக் கரைவலைக்காரர்கள் வலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். சூரியனைத் தந்தவனுக்கும் கடலைத் தந்தவனுக்கும் நன்றி சொன்னேன். அதுவரை பிரச்சினையில்லை. வீட்டுக்கு வந்துதான் பிழையாகிப்போனது.

மனைவி ஆசியா தேத்தண்ணி கொண்டுவந்தாள். இவ்வளவு காலமும் நீ எனக்குச் செய்ததை நான் மறக்கமாட்டேன் என்று சொன்னேன். அவள் கோப்பையைத் தராமல் என்னையே பார்த்தாள். கலியாணம் முடித்த நாளிலிருந்து தேத்தண்ணியைப் பற்றி, சீனி போதாது என்பதைத் தவிர வேறெதுவும் நான் சொன்னதில்லை.

"ஒங்களுக்கு என்ன செய்யிது?"

"ஒண்டுமில்ல. மனசு லேசா இரிக்கி."

எங்கள் ஊரில் 'செய்ததை மறக்கமாட்டேன்' என்ற வசனத்தை இரண்டு வகையானவர்கள்தான் சொல்வார்கள். ஹஜ்ஜுக்குக் கப்பலேறப் போகிறவர் வீடு வீடாகப் போய்ச் சொல்வார். சாகக் கிடப்பவர் பாயில் கிடந்தபடி சொல்வார். படிப்பிக்கிற சம்பளத்தில் நான் கப்பலேறப் போவதில்லை என்பது ஊருக்கே தெரியும். இதெல்லாம் எனக்கும் தெரியும்தான், ஆனால் அந்த வாரம் என் மூளை கடற்காற்றில் பறந்துவிட்டிருந்தது. ஆசியாவின் நானா, என் மச்சான், வந்தார், அவருக்கும் சொன்னேன். மீன்காரருக்குச் சொன்னேன். முடி வெட்டுகிறவருக்குச் சொன்னேன். (கத்தியைக் கீழே வைத்துவிட்டார். மீதி முடியோடு வீடு வந்தேன்.)

வெள்ளிக்கிழமை பின்னேரம் கூரையில்லாத வீட்டின் நடுவில் பாய் போட்டுச் சவாசனத்தில் கிடந்தேன். காகங்களுக்குப் பயந்து வெள்ளைத் துணி ஒன்றைக் கழுத்துவரை இழுத்துவிட்டிருந்தேன். எங்கோ ஓதும் சத்தம் கேட்டது. மனம் அடங்குகிறது என்று மகிழ்ந்தேன். சத்தம் மெல்ல மெல்லத் தலைமாட்டுக்கே வந்துவிட்டது. கண்ணைத் திறந்தால், குனிந்தபடி பள்ளிவாசல் லெப்பை ஓதிக்கொண்டிருக்கிறார். கால்மாட்டில் மச்சான். மாவடிப்பள்ளிச் சொந்தக்காரர்கள் வண்டிலில் வந்து இறங்குகிறார்கள். வாசலில் சம்மந்தி.

துள்ளி எழும்பினேன். எனக்கு ஒன்றுமில்லை என்று கத்தினேன். யாரும் நம்பவில்லை. நம்பவைப்பதற்காக வளவைச் சுற்றி ஓடிக் காட்டினேன். ஓடிய வேகத்தில் சுவர் பூசச் சாந்து குழைத்து வைத்திருந்த குழிக்குள் முழங்கால்வரை இறங்கினேன். லெப்பை இன்னும் உரத்து ஓதினார்.

"மௌத்தாகிறத்துக்கு முந்தி இப்பிடி ஒரு தெம்பு வாறதுதான்," என்று மச்சான் பக்கத்தில் நின்றவருக்கு மெதுவாக விளக்கினார்.

பௌசியாதான் ஓடிவந்து என்னைப் பிடித்துத் தூக்கினாள். அழுதுகொண்டே சொன்னாள்:

"வாப்பா, எனக்கு ஓடும் வேணாம் ஊடும் வேணாம். நீங்க இரிங்க."

நெஞ்சு லேசாகும் என்றாரே கதிர்காமத்தம்பி மாஸ்டர்! என் நெஞ்சு அப்போது கனத்த கனம் இன்றைக்கும் இறங்கவில்லை.

சம்மந்தி கூரையில்லாத சுவர்களை ஒருதரம் பார்த்தார். சாந்து வழிய நின்ற என்னை ஒருதரம் பார்த்தார். பேச்சு முறிந்தது என்றே நினைத்தேன்.

"கூர ஓட்டப் பொறகு போடலாம் மாஸ்டர்," என்றார். "வாப்பா இரிக்கக்குள்ளயே புள்ளைக்கு நிக்காஹ்வ முடிச்சிருவம்."

என்னை யாரும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமையே நிக்காஹ். மாப்பிள்ளையின் கையைப் பிடித்துப் பெண்ணைக் கொடுக்கும்போது சந்தோஷத்தில் என் கை நடுங்கியது. அதையும் வியாதிக் கணக்கில் சேர்த்தார்கள். மருமகன் அவசரமாக வேய்ந்த தென்னோலைக் கிடுகுக் கூரையின் கீழ்க் குடிவந்தார். முதல் மழையிலேயே நனைந்தார்.

அதன்பிறகும் நான் சாகவில்லை. ஓடு போடாமல் மகளைக் கட்டிக்கொடுக்க மாஸ்டர் நல்ல வேலை பார்த்தார் என்று சந்தையில் பேசிக்கொள்கிறார்கள். சம்மந்தி அப்படி எதுவும் சொல்வதில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் வந்து கை கொடுப்பார். கொடுத்த கையை எடுக்கமாட்டார். அவருடைய பெருவிரல் மெதுவாக நகர்ந்து என் மணிக்கட்டு நாடியில் போய் நிற்கும். கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார்.

"ம்... இந்த வேளாண்ம வெட்டுக்கும் இரிப்பீங்க போல," என்பார்.