மூன்று நாள் பேனரும் சம்பந்தியம்மாவின் சொம்பும்

எங்கள் செஞ்சிப் பக்கத்தில் ஒரு பேனருக்கு ஆயுசு மூன்று நாள். நாலாம் நாள் காலையில்தான் அது உண்மையான வேலைக்குப் போகும். கல்யாணப் பேனர் வைக்கோல்போர் மேல் ஏறும். காதுகுத்துப் பேனர் கோழிக் கூண்டுக்குப் போகும். பிறந்தநாள் பேனரில் சிங்கத்தோடு நின்ற அண்ணன், நெல் காயும் களத்தில் குப்புறப் படுத்திருப்பார். யாரையும் குறை சொல்ல முடியாது. ஃப்ளெக்ஸ் நல்ல சாமான். தண்ணீர் இறங்காது.

அந்தப் பேனர்களை டிசைன் பண்ணுகிறவன் நான். (சிரிக்காதீர்கள். வயசு அறுபதைத் தாண்டிவிட்டது.) பள்ளிக்கூடத்து வாசலை மிதித்ததில்லை. எழுத்தெல்லாம் பஸ் போர்டு பார்த்து வந்தது. படிக்கத் தெரிவதற்கு முன்பே எனக்குத் 'திண்டிவனம்' என்று வரையத் தெரியும். அதில் எது 'தி', எது 'ம்' என்பது பிற்பாடு தெரிந்தது.

முதலில் நான் பேனர் கட்டுகிற ஆள்தான். சவுக்குக் கம்பம் நட்டு, கயிறு இழுத்து, காற்றுக்கு நாலு ஓட்டை போட்டுவிட்டு வந்துவிடுவேன். ஒருநாள் பிரிண்டிங் கடை குமாருக்குக் காய்ச்சல். "ஏழுமலண்ணே, போன்ல ஒண்ணு ஏத்தித் தரேன். வெரலால இழுத்து வுட்டா டிசைன் ஆயிடும்" என்றான். இழுத்தேன். ரோஜாப்பூ வந்தது. இன்னொரு இழுப்பு, மயில் வந்தது. அன்றைக்குப் பிடித்த பைத்தியம்.

என் டிசைனுக்கு ஒரு கொள்கை இருந்தது: காலி இடம் விடக்கூடாது. பேனரில் காலி இடம் என்பது பந்தியில் கூட்டு விழாத இலை மாதிரி. பார்க்கிறவன் வீட்டுக்காரனைத்தான் தப்பாக நினைப்பான். அதனால் மூலைக்கு மூலை எதையாவது பரிமாறிவிடுவேன். இந்தப் பக்கம் அருவி, அந்தப் பக்கம் புறா. இரண்டுக்கும் நடுவில் கொஞ்சம் இடம் கிடைத்தால் ஒரு ஏரோப்ளேன்.

ஆனாலும் ஒரு மனக்குறை. நான் பண்ணியதில் மூன்று நாளைக்கு மேல் நின்றது ஒன்றுகூட இல்லை. மண்டகப்பட்டில் ஒரு ராஜா செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல் பாறையைக் குடைந்து கோயில் செய்து, அந்தப் பெருமையையும் பாறையிலேயே வெட்டிவைத்துவிட்டுப் போயிருக்கிறார். இத்தனை நூறு வருஷத்தில் ஒருத்தனாலும் அதை அவிழ்த்துக்கொண்டு போய்க் கோழிக் கூண்டை மூட முடியவில்லை. விவரமான ராஜா. எனக்கும் சாவதற்குள் ஒரே ஒரு போர்டாவது நிலையாக நிற்க வேண்டும் என்று ஆசை.

அந்த ஆசைக்குத் தோதாகத் திருவண்ணாமலை ரோட்டில் ஒரு ரிசார்ட் எழும்பியது. கோட்டை பார்க்க வருகிறவர்கள் தங்குவதற்காம். (நாங்கள் கோட்டையைப் பார்ப்பது மழை வருமா என்று பார்க்கத்தான். கோட்டை மலையான ராஜகிரி உச்சியில் மேகம் உட்கார்ந்தால் வெளியே காயும் துணியை எடுத்துவிடுவோம்.) அதை நடத்த மெட்ராஸிலிருந்து பிருந்தா மேடம் என்று ஒருவர் வந்திருந்தார். முப்பது வயசுக்குள் இருக்கும். வெள்ளை ஷூ போட்டிருப்பார். வாசல் பெயரிலிருந்து சாப்பாட்டுக் கூடம் வரைக்கும் எல்லாப் போர்டும் தகடு. மழை வெயில் எதற்கும் அசையாது. "உள்ளூர் ஆள் பண்ணா நல்லாருக்கும்" என்று அவர் சொல்ல, குமார் என்னைக் கூட்டிப்போனான்.

மேடம் மரியாதையாகத்தான் கேட்டார். "ஐயா, உங்க போர்ட்ஃபோலியோ பாக்கலாமா?"

நான் குமாரைப் பார்த்தேன்.

"இதுவரைக்கும் பண்ணதுல நல்லதா எடுத்து அடுக்கி வெச்சிருப்பாங்கண்ணே. அத பாத்துட்டுதான் வேல குடுப்பாங்க" என்று காதைக் கடித்தான்.

இங்கேதான் என் சம்பந்தியம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் மகள் லதாவைத் தளவானூரில் கொடுத்திருக்கிறேன். அவள் மாமியார் குப்பம்மாளுக்கு என்மேல் கொள்ளை மரியாதை. தினம் விடிவதற்குள் போனில் ஒரு ரோஜாப்பூ அனுப்பிவிடுவார். கூடவே ஆவி பறக்கும் டீ கப், 'இனிய காலை வணக்கம்'. வெள்ளிக்கிழமையானால் அம்மன் படமும் சேர்ந்து வரும். சாயங்காலம் போன் பண்ணி, "பாத்தீங்களாண்ணா?" என்று கேட்கவும் செய்வார். என் போனோ சின்ன வயிற்றுக்காரன். நிறைந்துவிட்டால் எதையாவது அழிக்க வேண்டும். சம்பந்தி அனுப்பிய ரோஜாவை அழிக்கலாமா? பெண் வாழ்கிற வீடு. அதனால் பிரிண்ட் ஆன அன்றைக்கே என் டிசைனை அழித்துவிடுவேன். குமார் கடை கம்ப்யூட்டரும் இடி விழுந்து ஒருமுறை செத்துப் பிழைத்ததில் பழையதெல்லாம் போயிற்று.

"போன்ல ஒண்ணும் இல்ல மேடம். எல்லாம் ஊருக்குள்ள இருக்குது. வாங்க, நேர்லயே காட்றேன்" என்றேன்.

"வெரி நைஸ். வெள்ளிக்கிழமை காலைல போலாமா?"

வீட்டில் சொன்னதும் என் மனைவி சரோஜா தலையில் அடித்துக்கொண்டாள். "அவுத்துப் போட்ட பேனர பாக்க யாருய்யா கார் எடுத்துக்கினு வருவாங்க? சும்மா கடைல உக்காந்து பேசிட்டு வா." கேட்டேனா?

வெள்ளிக்கிழமை மேடத்தின் காரில் முன்சீட்டில் உட்கார்ந்தேன். ஏசி காற்றுக்குத் துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். அதை மேடம் பயம் என்று நினைத்திருக்கலாம். பயமும்தான்.

முதல் நிறுத்தம், பஸ் ஸ்டாண்ட் பக்கத்து இளநீர் வண்டி. ஒரு பெரிய மனிதரின் பிறந்தநாளுக்கு நான் போட்ட பேனர் அதற்கு மேற்கூரை. மனிதர் பாதியோடு கிழிந்து வேறு வண்டிக்குப் போய்விட்டார். மிஞ்சியது சிங்கத்தின் பின்பக்கமும் மோதிரம் போட்ட ஒரு கையும்.

"இது... சர்க்கஸ் விளம்பரமா ஐயா?"

"இல்ல மேடம், பொறந்தநாளு."

"சிங்கத்துக்கா?"

அடுத்தது விழுப்புரம் ரோட்டில் ஒரு வைக்கோல்போர். மேலே மஞ்சள் நீராட்டு விழாப் பேனர். தாய்மாமன், அவருடைய தாய்மாமன், அவருக்குத் தெரிந்த ஒப்பந்தக்காரர் என்று வட்டம் வட்டமாகத் தலைகள். பெண்ணை மட்டும் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அன்றைக்கு அவள் வைக்கோலுக்குள் இருந்தாள். போருக்குச் சொந்தக்காரர் துண்டை உதறிக்கொண்டு ஓடி வந்து எனக்குச் சான்று கொடுத்தார்.

"மேடம், கண்ண மூடிக்கினு குடுங்க. ஏழுமல பேனர்னா போன மழைக்கு ஒரு சொட்டு இறங்கல. வேற ஆளு பேனரு போட்டேன், வைக்கோலு பூரா பூஞ்சக்காளான்."

மேடம் ஏதோ குறித்துக்கொண்டார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

மூன்றாவது ஒரு மாட்டுக் கொட்டகை. அதை நான் காட்டவே நினைக்கவில்லை. பக்கத்தில் கார் திரும்ப இடம் இருந்ததால் நின்றோம். கீற்றுக்கு உள்பக்கமாக ஒரு கண்ணீர் அஞ்சலிப் பேனரைக் கட்டியிருந்தார்கள். மேடம் குனிந்து உள்ளே போனார். (வெள்ளை ஷூவின் கதை அங்கே முடிந்தது.) மேலே பார்த்தபடி நின்றார். கறுப்புப் பின்னணி, ஒரு கிழவரின் முகம், கீழே பெரிதாக 'அப்பா'. அவ்வளவுதான். ஒரு புறாகூட இல்லை.

"எங்கப்பாவுக்கு மாடுன்னா உசுருங்க. அதான் அதுங்களப் பாத்தாப்புல கட்டி வெச்சோம்" என்றார் அந்த வீட்டுக்காரர். அடியில் இரண்டு மாடு அசைபோட்டுக்கொண்டிருந்தன.

மேடம் மாடுகளையும் ஒருமுறை பார்த்தார். பிறகு போனை எடுத்துப் படம் பிடித்தார். நாலைந்து படம்.

எனக்கு மானம் போயிற்று. "மேடம், அதுல நான் ஒண்ணுமே பண்ணல. ரெண்டு பக்கமும் ரெக்க வெச்சு, மேல ஒளி அடிக்கிறாப்புல போட்டேன். இவருதான் எதுவும் வேணாம்னு அழிக்க சொல்லிட்டாரு."

"அதான் நல்லாருக்கு ஐயா. போதும், வாங்க. மிச்சத்த ஆபீஸ்ல பேசிக்கலாம்."

போதும் என்றார். மனுஷன் அங்கே வாயை மூடியிருக்க வேண்டும். போர்டு என் மடியில் வந்து உட்கார்ந்திருந்தது. நான்தான் எழுந்து நின்று அதைக் கீழே தள்ளினேன். ஒன்றுமே பண்ணாததற்கு வேலை கிடைத்தால் என் திறமைக்கு என்ன மரியாதை?

"இன்னும் ஒண்ணே ஒண்ணு மேடம். என் பொண்ணு கல்யாணத்துக்குப் பண்ணது. இங்க, தளவானூர்லதான்."

அந்தப் பேனரில் நான் அதுவரை கற்றதெல்லாம் இருந்தது. யானை இரண்டு, மயில் நாலு, தாஜ்மகால், அதன் பின்னால் நம் செஞ்சி மலை, மலைமேல் ஏரோப்ளேன். ஒரு மூலையில் நான், மறு மூலையில் சம்பந்தியம்மா, கைகூப்பி 'வருக! வருக!'. கல்யாணம் முடிந்ததும் அதைச் சம்பந்தி வீட்டுக்கே கொடுத்துவிட்டேன். அவர்கள் வீட்டுப் பின்பக்கம் நாலு கம்பம் நட்டு, அதைச் சுற்றிக் கட்டிக் குளிக்கிற மறைப்பாக்கிவிட்டார்கள். படம் உள்பக்கம், வெள்ளை வெளிப்பக்கம்.

முன்வாசலில் யாரும் இல்லை. தூரத்தில் வயல் வரப்பில் லதா புல்கட்டோடு வந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கட்டைப் போட்டுவிட்டுக் கையை ஆட்டி ஆட்டி ஏதோ கத்தினாள். அப்பனைப் பார்த்த சந்தோஷம் என்று நானும் கையை ஆட்டினேன்.

பின்பக்கம் போனோம். வெளியே வெறும் வெள்ளை. "உள்ள பாருங்க மேடம்" என்று முடிச்சை அவிழ்த்தேன். பேனர் கட்டுகிறவன் கை இல்லையா, ஒரே இழுப்பு. முன்பக்கம் முழுக்க விழுந்தது.

வெள்ளிக்கிழமை. எங்கள் பக்கத்தில் பெண்கள் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற நாள். பேனர்காரனுக்குக் கிழமை மறந்துபோயிற்று.

மார்வரை ஏற்றிக் கட்டிய பாவாடையும், தலை முழுக்கச் சீயக்காயுமாகச் சம்பந்தியம்மா நின்றார். அவருக்குப் பின்னால் அதே சம்பந்தியம்மா பட்டுப்புடவையில் கைகூப்பி, 'வருக! வருக!'

முன்னால் நின்றவர் வரவேற்கவில்லை. "யார்ரா அவன்!" என்ற குரலும் எவர்சில்வர் சொம்பும் ஒன்றாகப் புறப்பட்டன. சொம்பு முதலில் வந்து நெற்றியில் சேர்ந்தது. குளியல் தண்ணீர் பாய்கிற வாழையடியில் மல்லாந்து விழுந்தேன். கையில் பிடித்திருந்த ஃப்ளெக்ஸ் என்மேல் விழுந்தது, இரண்டு மயிலும் ஒரு யானையுமாக.

மேடம்தான் ஓடிவந்து அந்த ஃப்ளெக்ஸைப் பிடுங்கி, சம்பந்தியம்மாவைச் சுற்றி இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் குளித்து முடிக்கிற வரைக்கும் அப்படியே நின்றார். என் டிசைனை அவ்வளவு கிட்டத்தில், அவ்வளவு நேரம் பார்த்த வாடிக்கையாளர் வேறு யாரும் கிடையாது.

லதா மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள். "நைனா! போவாத போவாதன்னு கத்தறேனே, காது இன்னா செவுடா? இந்த வூட்ல இனி எனக்கு இன்னா மரியாத?"

சம்பந்தியம்மா ஈரத்தலையோடு வந்தார். கோபம் கூட இல்லை, அதுதான் பயமாக இருந்தது. "ஏண்ணா, கல்யாணத்துல என் மூஞ்சிய ஊருக்கே காட்டுன. அது பத்தலியா?"

திரும்பி வரும்போது காரில் ஏசி போடவில்லை. மேடம் ஒரே ஒரு தடவை கேட்டார். "ஐயா, அந்த ஏரோப்ளேன் எதுக்கு?" நெற்றி வீக்கத்தைத் தடவிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினேன். சிரித்தாரா என்று பார்க்கத் தைரியம் இல்லை.

மறுநாள் விடிந்தது. ரோஜாப்பூ வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. என் போனில் இப்போது வேண்டிய மட்டும் இடம் இருந்தது. வைத்துக்கொள்ளத்தான் ஒன்றும் இல்லை. லதா போன் பண்ணினால் அம்மாவிடம் மட்டும் பேசினாள். ரிசார்ட் போர்டெல்லாம் மெட்ராஸ் கம்பெனிக்குப் போய்விட்டது என்று குமார் சொன்னான். நெற்றி வீக்கம் வடிந்தது. சரோஜா மட்டும் தினம் காலையில் கேட்டாள்: "இன்னிக்காவது பூ வந்துச்சா?"

ரிசார்ட் திறந்து கொஞ்ச நாள் கழித்து மேடம் போன் பண்ணினார். நீச்சல் குளத்துப் பக்கம் பெண்கள் குளியலறைக்குப் போர்டு வைக்க மெட்ராஸ்காரர்கள் மறந்துவிட்டார்களாம்.

"ஒரே ஒரு போர்டுதான். உங்கள விட்டா இதுக்குப் பொருத்தமான ஆள் யாரு ஐயா?" இந்தத் தடவை சிரிப்பு நன்றாகவே கேட்டது.

போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். விரல் பழக்கதோஷத்தில் ஒரு மயிலை இழுத்து வந்தது. திருப்பி அனுப்பினேன். மாட்டுக் கொட்டகைக் கிழவர் ஞாபகத்துக்கு வந்தார். வெள்ளைத் தகடு. கறுப்பு எழுத்து. 'பெண்கள் குளியலறை. கதவைத் தட்டவும்.' சுற்றிலும் காலி இடம். அவ்வளவு காலி இடத்தை விட்டதில் எனக்கு இரண்டு நாள் தூக்கம் வரவில்லை.

"சிங்கம் இல்லையா?" என்று மேடம் கேட்டார்.

"இல்ல மேடம். அது குளிக்கப் போயிருக்குது."

அந்தப் போர்டு இன்றைக்கும் அங்கே இருக்கிறது. அதே மாதிரி இன்னொன்று அடித்து எடுத்துக்கொண்டு, சரோஜாவை முன்னால் விட்டு, தளவானூர் போனேன். பின்பக்கம் போகவில்லை. வாசலில் நின்று லதாவிடம் நீட்டினேன். அவள் உள்ளே கொண்டுபோனாள். மாமியாருக்குப் படித்துக் காட்டுவது வாசல்வரை கேட்டது. பிறகு சம்பந்தியம்மா சிரிக்கிற சத்தம் தெருக்கோடி வரை கேட்டது. மறுநாள் விடிவதற்குள் போனில் ரோஜாப்பூ, டீ கப், 'இனிய காலை வணக்கம்'. அதற்கு இடம் பண்ண அன்றைக்கு அழிக்க என்னிடம் டிசைன்கூட இல்லை.

இப்போதெல்லாம் தளவானூரில் என் மொபெட் சத்தம் கேட்டால் போதும், சம்பந்தியம்மா உள்ளேயிருந்து குரல் கொடுப்பார்: "லதா நைனா வந்துட்டாரு! யாராவது குளிக்கிறீங்களா?" வீடு நிறைய விருந்தாளி இருந்தாலும் இதேதான். எல்லாரும் சிரித்து முடிக்கும் வரை வாசலில் நிற்பேன். பிறகு, விரியத் திறந்து கிடக்கிற கதவை இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத்தான் உள்ளே போவேன்.