உச்சிக்கிளை முதுகுத்தண்டுப் பிரிவு

ஒரு காட்டில் ஓர் ஆஸ்பத்திரி இருந்தது. முதுகுத்தண்டில் அடிபட்டவர்களுக்கென்று அதில் தனிப்பிரிவே உண்டு. அந்தப் பிரிவை ஆலமரத்தின் உச்சிக்கிளையில் வைத்தவர் சுகாதாரக் குழுத் தலைவர் சடையப்பன் என்கிற குரங்கு. "நல்ல காத்து வரும். நாலே தாவல்தானே!" என்று திறப்பு விழாவில் தாவியும் காட்டினார்.

போன மழையில் வழுக்குக் கிளையில் வித்தை காட்டப்போய் அவரே கீழே விழுந்தார். இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. பத்து நாள் அசையாமல் கிடந்ததில் பின்பக்கம் புண்ணாகிச் சீழ் பிடித்தது. இனியும் வைத்தியம் பார்க்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. கைகளை ஊன்றி உடம்பை இழுத்துக்கொண்டு ஆலமரத்தடிக்கு வந்து சேர்ந்தார்.

"யாருய்யா அங்க? வைத்தியரைக் கீழ அனுப்பு!"

குமாஸ்தா அணில் எட்டிப் பார்த்தான். "முடியாதுங்க ஐயா. மரத்தடியில பாத்தா அது தனியார் பிராக்டிஸ்னு விதி இருக்கு."

"அப்ப ஒரு சாய்தளம் கட்டு."

"அதுக்குப் போன வருஷமே மனு வந்துச்சுங்க. தள்ளுபடி பண்ணியாச்சு."

அணில் ஓர் ஓலையைக் கீழே போட்டான். 'நடக்க முடியாத நோயாளி ஒருவர்கூட இதுவரை மேலே வந்ததாகப் பதிவேட்டில் இல்லை. எனவே சாய்தளம் தேவையில்லை' என்று அதில் எழுதியிருந்தது.

"எந்த மடையன் எழுதினது இது?" என்று கத்திய சடையப்பன் கையெழுத்தைப் பார்த்தார். அவருடையதுதான். சுழியெல்லாம் போட்டு ரொம்ப அழகாகவே இருந்தது.

பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். பின்னங்கால்கள் அசையாத மான் செங்கமலம். தன்னைப்போன்ற இன்னும் சிலரோடு இரண்டு மழைக்காலமாக அந்த மரத்தடியிலேயே காத்துக்கிடப்பவள். அந்த மனுவைப் போட்டவளும் அவள்தான்.

"வாங்க தலைவரே. ஒருக்களிச்சுப் படுங்க. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா புரண்டு படுக்கணும், இல்லேன்னா புண்ணு பெருசாயிரும்" என்று தலையால் முட்டி அவரைப் புரட்டிவிட்டாள். அவள் மனுவைப் படிக்காமலே தள்ளியது ஞாபகம் வந்து சடையப்பனுக்கு வெட்கமாகவும் அழுகையாகவும் வந்தது.

"நான் வடிகட்டின முட்டாள், செங்கமலம்."

"அது எங்களுக்கு முன்னமே தெரியும். உத்தரவு போடுற கை நல்லாத்தானே இருக்கு? போடுங்க."

மறுநாளே பிரிவு மரத்தடிக்கு இறங்கிவிட்டது. சடையப்பன் புண்ணுக்கு மருந்து வைத்தார்கள். செங்கமலத்தை முதன்முறையாக ஒரு வைத்தியர் தொட்டுப் பார்த்தார். உத்தரவில் 'பொதுநலன் கருதி' என்று சேர்த்துக்கொள்ளச் சடையப்பன் மறக்கவில்லை.

"இன்னும் ஒண்ணு இருக்கு," என்றாள் செங்கமலம். "நம்மளுக்கு ஒண்ணுக்குப் போறதே பெரும்பாடு. சிறுநீரகப் பிரிவு இன்னும் மேலதான் இருக்கு. அதுக்கு அதிகாரி யாரு?"

"கரடியார். நான் சொன்னாக் கேக்க மாட்டார்."

"மரம் ஏறுவாரா?"

"தேன் இருந்தா உச்சி வரைக்கும் ஏறுவார்."

மரத்தடியில் கிடந்தவர்கள் எல்லோரும், சடையப்பன் உட்பட, நல்ல தேனடை எங்கே கிடைக்கும் என்று யோசிக்க ஆரம்பித்தார்கள்.

நீதி: மனு மேலே போனால் வைத்தியம் கீழே வராது, அதிகாரி கீழே விழுந்தால் வரும். ஆகவே மனு எழுதி நேரத்தை வீணாக்காதீர்கள், தேன் வையுங்கள்.