நான்கு கால்சட்டைகளும் வளையாத முதுகும்

அந்தத் தையல்காரனை இன்று உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவதென முடிவு செய்தேன். ஒரு கால்சட்டை குதிகாலில் மிதிபட்டால் கவனக்குறைவு எனலாம். நான்கும் மிதிபட்டால் அது சதி.

இருபத்தெட்டு ஆண்டுகளாக அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறவன் நான். ஒற்றைப் புள்ளி விடுபட்டாலும் என் கண் விடாது. என்னிடமா இந்த வேலை? நான்கையும் அவன் மேசைமேல் வீசினேன்.

"தச்சப்ப சரியாத்தானே இருந்துச்சு? இப்ப ஏன்யா தரையைக் கூட்டுது?"

அவன் கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைத் தொடவே இல்லை. "பேண்ட் வளராது சார். மனுஷன்தான் தேய்வான்."

"யாருய்யா தேஞ்சது?"

"அக்காவைக் கேளுங்க சார்."

அவன் அக்கா என்றது என் மனைவியை. வீட்டுக்கு வந்து கூரை அதிரக் கத்தினேன். அவள் வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை.

"ரெண்டு வருஷமா சொல்றேன், டாக்டர்கிட்ட முதுகைக் காட்டுங்கன்னு."

"என் முதுகு யாருக்கும் வளையாத முதுகு!"

"அதான் தெரியுதே. சாக்ஸ்கூட நான்தான் மாட்டி விடறேன்."

"அது பாசம்னு நினைச்சேன்."

"போன வாரம் இடது கால் மரத்துப்போய் மாடிப்படியில உக்காந்துட்டீங்களே, அதுவும் பாசமா?"

ஒருவரும் பார்க்கவில்லை என்றல்லவா எண்ணியிருந்தேன்! ஆத்திரத்தோடு மருத்துவமனைக்குக் கிளம்பினேன். காலுக்காக அல்ல, உயரத்துக்காக.

டாக்டரம்மா என் உயரத்தைக் குறித்துக்கொண்டு, எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். "முதுகெலும்புக்கு நடுவுல இருக்கிற ஜவ்வு வத்திப் போயிருக்கு. குனிஞ்சு உக்காந்தே தேய்ச்சிருக்கீங்க. நரம்பு நசுங்குது. இன்னும் தள்ளிப் போட்டிருந்தா இந்தக் கால் உங்க பேச்சைக் கேட்டிருக்காது."

"என் உயரம்?"

"தேஞ்ச ஜவ்வு திரும்ப வளராது. நடங்க, பயிற்சி பண்ணுங்க. காலையாவது காப்பாத்திக்கலாம்."

வளராதாமே! பார்த்துவிடுகிறேன் என்று தினமும் காலையில் மூன்று கிலோமீட்டர் கோபமாக நடந்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு பாயில் படுத்துக் காலைத் தூக்கினேன். அச்சகத்தில் அரைமணிக்கொருமுறை விறைப்பாக எழுந்து நின்றேன். யாருக்கு அஞ்சலி என்று மேலாளர் விசாரித்தார்.

வாரத்துக்கு வாரம் கால்சட்டை மேலே ஏறியது. மூன்றாம் மாதம் கணுக்காலில் வந்து நின்றது. வெற்றி வீரனாக டாக்டரம்மாவின் முன் போய் நின்றேன். அவர் அளந்து பார்த்தார்.

"அன்னிக்கு இருந்த அதே உயரம்தான் சார். ஒரு நூல்கூட ஏறல."

அங்கேயே அமர்ந்து கால்சட்டையின் மடிப்பைத் திருப்பிப் பார்த்தேன். ஊசித் துளைகள், வரிசை வரிசையாக. தையல்காரன் தைத்தது ஒன்று. அவிழ்த்து இறக்கியது ஒன்று. பிறகு சிறுகச் சிறுக ஏற்றியவை. அத்தனை பிழைகளையும் ஒரு மெய்ப்புத் திருத்துகிறவன் கால்களில் அணிந்துகொண்டு திரிந்திருக்கிறான்!

வீட்டுக்கு வந்து மனைவியிடம் கத்தினேன். "துரோகி! அந்தத் தையல்காரனும் கூட்டா?"

"பின்னே? பொருத்தமா நூல் எடுத்துக் கொடுத்ததே அவன்தான்."

"என்னை முட்டாளாக்கிட்டியே!"

"கால் மரத்துப் போகுதா?"

"இல்ல."

"இன்னிக்கு சாக்ஸ் யார் மாட்டினது?"

"நான்தான்."

வெங்காயம் நறுக்கிய கத்தியைக் கீழே வைத்தாள். "நான் சொன்னது ரெண்டு வருஷம் உங்க காதுல ஏறல. பேண்ட் சொன்னதும் ஓடினீங்க. இதுல கோவப்பட வேண்டியது நீங்களா, நானா?"

தோற்ற கணவன் செய்வதைச் செய்தேன். இன்னும் உரக்கக் கத்தினேன். "நாளையிலேருந்து நடை கிடையாது! பயிற்சி கிடையாது!"

மறுநாள் காலை, சபதம் மாறாமல், நேரே அச்சகத்துக்குப் புறப்படக் கால்சட்டையை மாட்டினேன். குதிகாலில் மிதிபட்டது. மற்ற மூன்றும் மிதிபட்டன. யார் கைவேலை என்பதில் எனக்கு எள்ளளவும் ஐயமில்லை.

ஆயினும் சுவரோடு முதுகை ஒட்டி நின்றேன். "எதுக்கும் ஒரு தடவை அளந்து பாரேன்."

"நடந்துட்டு வாங்க, அளக்கறேன்" என்றாள்.

போனேன்.